மெத்தைக்காரர் வைத்த மூக்கு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடல் ஆகாது. படகில் கால் வைத்தால் போதும், முகம் வெளிறிவிடும். கயிறு அவிழ்ப்பதற்குள் வாளியைத் தேடுவார். அப்படிப்பட்டவர் போய்ப் படகு ஓட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டார். விதி என்று சிலர் சொல்கிறார்கள். நான் கொழுப்பு என்பேன்.

அவர் தொழில் மெத்தை தைப்பது. சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, பஸ் சீட்டு, எது வந்தாலும் பழைய உறையை உரித்து, ஸ்பான்ஜ் மாற்றி, புது ரெக்சின் போட்டுத் தருவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அடுக்களைக்குப் போக வேண்டுமானால் குடல் சரிந்து கிடக்கும் நாற்காலிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருவில் அவருக்கு 'மெத்தை' என்றே பெயர். நான் மாமா என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் நானும் மெத்தைதான்.

அவர் தைக்கிற மூலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் மூலையில் ஒரு மடிப்பு மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவார்கள். இவர் எதிரெதிராக இரண்டு மடிப்பு வைத்து, நடுவில் கையால் ஒரு தையல் போடுவார். சோபாவின் அடிப்பக்கத்தில்கூட அப்படித்தான். "அடியில யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. அவர் பேசுவதே அப்படி. சண்டை, நக்கல், பாராட்டு எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். உதடு அசைவதை வைத்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்படி முணுமுணுக்கிறவருக்கு வாய்த்த மனைவிக்கு வலது காது கேட்காது. சாப்பிட உட்கார்ந்தால் அவர் அக்காவின் இடது பக்கத்தில்தான் உட்காருவார். அதற்கான காரணத்தை யாரும் பேசியதில்லை.

அக்காவின் காதைத் தின்றது படகுதான். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியும் அலுவலகங்களும். பாலம் சுற்றிப் போவதற்குள் பொழுது போய்விடும் என்பதால் நர்சுகளும் குமாஸ்தாக்களும் நோயாளிகளும் எங்கள் படகில்தான் வருவார்கள். அப்பாவுக்குப் பிறகு அக்கா சுக்கானைப் பிடித்தாள். தங்கச்சி நான் கயிறு கட்டுவேன், டிக்கெட் கிழிப்பேன், இடத்துக்குச் சண்டை போடுகிறவர்களை அதட்டி உட்கார வைப்பேன். இந்த மூன்றில் கடைசி வேலைதான் எனக்குப் பிடிக்கும்.

படகின் நடுவில் மரப்பெட்டிக்குள் டீசல் இன்ஜின். பெட்டியின் மூடிமேல் மெத்தை போட்டு அதையும் ஆள் உட்காரும் இடமாக்கியிருந்தோம். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றதில் முதலில் வலது காது போனது. பிறகு இடது காதும் மங்க ஆரம்பித்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அதிகாரி பின்னால் நின்று சாதாரணக் குரலில் சில சொற்களைச் சொல்வார். அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஒரு சொல்லை இரண்டாம் முறை கேட்டுத்தான் சொன்னாள். காது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்: "இருக்கறது ஒரு காது. சத்தத்தைக் குறைக்கலைன்னா இதுவும் போயிடும்." பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். வயர்லெஸ்ஸும் மற்றப் படகுகளின் ஹாரனும் காதில் விழுந்தாக வேண்டும். இருக்கிற ஒன்றையும் அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றிப் படகு ஓட்டினால் லைசென்ஸ் அன்றைக்கே போய்விடும்.

படகை விட்டால் அக்கா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளுக்குச் சோறு வடிக்கவே பொறுமை கிடையாது.

படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்த வாரம், மாமா தன் சாமான்களை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். படகு தரையில் நின்றதால் வாளி தேவைப்படவில்லை. இன்ஜின் பெட்டிக்குள் தலையை விட்டவர் சாயங்காலம்தான் வெளியே எடுத்தார். உட்புறம் முழுக்க இரட்டை ஸ்பான்ஜ் ஒட்டி, மேலே கறுப்பு ரெக்சின் போர்த்தியிருந்தார். மூடியைச் சுற்றி, ஃபிரிஜ் கதவில் இருக்குமே, அதுமாதிரி ரப்பர் பட்டை. மூடினால் 'பொத்'தென்று உட்கார்ந்துகொண்டது.

படகை மறுபடி தண்ணீரில் இறக்கிய அன்று எங்களுக்கே நம்ப முடியவில்லை. இன்ஜின் எங்கேயோ அடுத்த தெருவில் ஓடுவது போல இருந்தது. நர்சுகள் தூங்கிப்போனார்கள். யார் வீட்டு மருமகள் யாரோடு சண்டை போட்டாள் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா வீட்டுக்கு வந்து டிவி சத்தத்தைத் தானே குறைத்தாள். மாமா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் காது மடல் சிவந்திருந்தது. மனிதருக்குச் சந்தோஷம் வந்தால் அங்கேதான் தெரியும்.

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியதும்தான் வினை ஆரம்பித்தது.

முதலில் வேகம் குறைந்தது. அக்கா டிராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் சுற்று காட்டும் முள் பாதி வழியில் நின்று யோசித்தது. பிறகு கரும்புகை. பிறகு ஃபேன் பெல்ட் வெடித்துத் துண்டு துண்டாக வந்தது. எங்கள் மெக்கானிக் வந்து வழக்கம்போல "பம்புதான்" என்றார். அவருக்கு எல்லாமே பம்புதான். சொந்த வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் பம்பைக் கழற்றுவார். கழற்றினார், மாட்டினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். புரொபெல்லரில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினார். காலையில் ஓடிய படகு வெயில் ஏறியதும் பழையபடி மூச்சு வாங்கியது.

ஒருநாள் மதியம் தண்ணீர் வேகமாகக் கடல் பக்கம் வற்றிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவரும் அரைப் படகு நர்சுகளும் இருந்தார்கள். எதிர்நீரோட்டத்தில் படகு முன்னே போகவில்லை, பக்கவாட்டில் மணல்திட்டை நோக்கி நகர்ந்தது. அக்காவின் தோள் விறைத்ததைப் பார்த்தேன். அப்போது ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. மூடிமேல் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு அதைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போல இருந்தது. நல்ல தாட்டியான நர்சு ஒருத்தி "தள்ளுங்க" என்று வந்து கைகொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததும் மூடி பிய்த்துக்கொண்டு திறந்தது. அனல் முகத்தில் அடித்தது. அடுத்த நொடி இன்ஜின் குரல் மாறியது. முள் விறுவிறுவென்று மேலே ஏறியது, படகு பாய்ந்தது.

அக்கா திரும்பிக் கத்தினாள்: "என்னடி பண்ணே?"

"மூடியைத் திறந்தேன்!"

"மூடு!"

மூடினேன். முள் இறங்கியது. திறந்தேன். ஏறியது. மூடியைத் திறந்து வைத்தபடியே, காது கிழிகிற சத்தத்தோடு கரை சேர்ந்தோம்.

இந்த முறை மெக்கானிக் பம்பைத் தொடவில்லை. "இன்ஜினுக்குக் காத்து பத்தலை, அதான் மூடியையே உள்ள உறிஞ்சிப் புடிச்சிருக்கு" என்றார். "எரியறதுக்கும் காத்து வேணும், சூட்டை வெளிய கொண்டுபோகவும் காத்து வேணும். காத்து வர்ற வழி எங்க?" பெட்டியின் இரண்டு பக்கமும் காற்றுக்காக அப்பா காலத்திலேயே வைத்த இரும்புக் கிரில்கள் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று, புதுப் பெயிண்ட்டோடு, நன்றாகத்தான் இருந்தன. மெக்கானிக் ஒன்றைக் கழற்றினார். பின்னால் கறுப்பு ரெக்சின் உறை போட்ட ஸ்பான்ஜ் தலையணை ஒன்று, கிரில்லின் அளவுக்கே வெட்டி, இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. மூலையில் எதிரெதிராக இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு கைத்தையல்.

"இது யார் கைவேலை?" என்றார் மெக்கானிக். கேட்டிருக்கவே வேண்டாம்.

அது மட்டுமா? ஸ்பான்ஜைப் பிழிந்தார். டீசல் சொட்டியது. "சோபா ஸ்பான்ஜ்! எண்ணெயைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு. ஒரு பொறி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சீங்களா?" யோசித்தோம். அந்தக் கட்டுப் போட்ட பெரியவரால் எழுந்து நிற்கவே முடியாது.

கோபம் தலைக்கேற நான்தான் முதலில் வீட்டுக்குள் போனேன். "மெத்தை! கண்ணை வித்துச் சித்திரம் வாங்கியிருக்கீங்க, தெரியுமா? அவ காதைக் காப்பாத்தறேன்னு இன்ஜின் மூக்கை அடைச்சு வச்சிருக்கீங்களே! அது காத்து வர்ற ஓட்டைன்னு தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. தெரியாது. சத்தம் அந்த ஓட்டை வழியாக வந்தது, ஓட்டையை அடைத்தார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த உலகத்தில் எதுவும் மூச்சு விடாது. எதையும் திணித்து, இழுத்துத் தைத்து, மூடிவிடலாம்.

"நீ சும்மா இருடி," என்றாள் அக்கா. அந்த ஸ்பான்ஜ் தலையணையைத் தையல் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மணல்திட்டு, பெரியவர், டீசல் எதையும் விடவும் இல்லை. மாமா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உதடுகூட அசையவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் படகுக்கு வந்து, தான் ஒட்டியதை எல்லாம் தானே உரித்துப் போட்டார். இன்ஜினுக்கு உயிர் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. முன்னைவிட அதிகமோ என்று தோன்றியது, அமைதியைப் பழகிவிட்டோம் அல்லவா. சாயங்காலமானால் அக்கா இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்காருவாள். உள்ளே வண்டு கத்துகிறது என்பாள். ஒருநாள் படித்துறையிலிருந்து நான் கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. லைசென்ஸ் சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "காத்து வேணும்னா ஓட்டை வேணும். ஓட்டை இருந்தா சத்தம் வரும். ரெண்டும் வேணும்னா எங்க போறது?"

மாமாவுக்கு வழி பிறந்தது வீட்டில்தான். எங்கள் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு நடை உண்டு. வலது பக்கம் திரும்பி, உடனே இடது பக்கம் திரும்பும். இரண்டு பக்கச் சுவரிலும் ஸ்பான்ஜ் சுருள்களைச் சாத்தி வைத்திருப்பார். நான் அடுக்களையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் மிஷின் ஓடுவது நின்றது. மாமா நடையில் வந்து நின்றார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார்.

"மிஷின் சத்தம் உனக்கு இங்க கேக்குதா?" என்றார். சத்தமாகவே கேட்டார். கரண்டி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"பெருசா கேக்கலை மாமா. ஏன்?"

"வெங்காய வாசனை அங்க வருது."

சொல்லிவிட்டுப் போய்ப் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்ட ஆரம்பித்துவிட்டார். காற்று வளைந்து வளைந்து வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் ஸ்பான்ஜில் முட்டிச் செத்துப்போகும். இதுதான் அவர் கண்டுபிடித்தது. மெக்கானிக்கிடம் காட்டியபோது, "ஏன் மெத்தை, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க?" என்று சிரித்தார். "நேராத் தொட்டா சத்தமும் நேரா வருதே," என்றார் மாமா. மெக்கானிக் சிரிப்பை நிறுத்தி அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். தீப்பிடிக்காத, வெள்ளித் தாள் ஒட்டிய படகு ஸ்பான்ஜ்தான் போட வேண்டும் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் பெட்டி படுதோல்வி. ப்ளைவுட்டில் குழாய் மாதிரி செய்து, வெளிக்காற்று மேலே நுழைந்து, இரண்டு முறை திரும்பி, இன்ஜினின் காலடியில் வந்து விழும்படி வைத்தார். சூடு எப்போதும் மேலேதான் ஏறும் என்பதால் சூட்டை இழுத்து வெளியே தள்ள மேலே ஒரு ஃபேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூடியைத் திறந்தால் முள் இன்னும் ஏறியது. "சளி புடிச்ச மூக்கு" என்றார் மெக்கானிக்.

என்ன கோளாறு என்று தெரிய வேண்டுமானால் படகு முழு வேகத்தில் ஓடும்போது பார்க்க வேண்டும். மாமா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு தானாகவே படகில் ஏறினார். அக்கா தடுத்தாள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். காற்று நுழைகிற வாய், வெளியேறுகிற வாய், இன்ஜின் காலடி என்று எல்லா இடத்திலும் சிவப்புத் துணி நாடா ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். உள்ளே பார்ப்பதற்கு மூடியில் கண்ணாடித் துண்டு ஒன்றும் பதித்திருந்தார். நாடா எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார், வாளிக்குள் தலையை விடுவார், மறுபடி பார்ப்பார். முகம் பாகற்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கரைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னார். இன்ஜின் காலடியில் இருந்த நாடா செத்துத் தொங்குகிறது. ஃபேனுக்குப் பக்கத்திலேயே காற்று நுழைகிற வழி இருப்பதால், வருகிற குளிர்ந்த காற்றை ஃபேன் அப்படியே பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. போதாததற்கு, தடித்த ஸ்பான்ஜ் ஒட்டியதில் குழாயின் உள்வழி பாதியாகச் சுருங்கிவிட்டது. "மறுபடி அடைச்சுட்டேன்," என்றார். அது எல்லோருக்கும் கேட்டது.

இரண்டாவதாகச் செய்ததைப் பெரிதாகச் செய்தார். இரண்டு பக்க பெஞ்சுகளுக்குக் கீழே உயிர்காப்பு அங்கிகள் வைத்திருந்த இடம் முழுவதையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டார். அங்கிகளுக்குக் கூரையில் வலை தைத்துத் தொங்கவிட்டார். முன்னைவிட எடுப்பது சுலபம். காற்று முன்பக்கத்தில் நுழைந்தது, சூடு பின்பக்கத்தில் மேலே வெளியேறியது. மறுபடி வாளியோடு படுத்தார். நல்ல வெயில், முழு வேகம். கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். காலடியில் இருந்த சிவப்பு நாடா இன்ஜினை நோக்கி நீட்டி நிமிர்ந்து துடித்தது.

மெக்கானிக் மூடியை ஒரு விரலால் தூக்கினார். இந்தத் தடவை உள்ளேயிருந்து யாரும் இழுக்கவில்லை. முள் அசையவில்லை. மூடினார். அப்போதும் அசையவில்லை. கழற்ற ஒன்றுமில்லாத ஏமாற்றத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் அனுபவித்த அந்த அமைதி திரும்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நர்சுகள் தூங்கவில்லை. ஆனால் கத்தாமல் பேச முடிந்தது. கொஞ்ச நாளில் சாயங்காலத்து வண்டும் அடங்கியது.

லைசென்ஸ் சோதனை அக்கரையில். மூன்று பேரும் எங்கள் படகிலேயே போனோம். மாமா வந்தே தீருவேன் என்றுவிட்டார். பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். அதிகாரி பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அக்கா நேரே சுவரைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல்லை மட்டும் இரண்டாம் முறை கேட்டாள். அதிகாரி பழைய தாளைப் பார்த்தார், புதுத் தாளில் எழுதினார். "போன வருஷம் எப்படியோ அப்படியேதான் இருக்கு. குறையலை," என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பும்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அக்கா டிராட்டிலை முழுக்கத் தள்ளினாள். மாமா அவளுக்குப் பின்னால், இடது பக்கத்தில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எனக்கு அரைகுறையாகக் கேட்டது. வாளிக்குள் பார்த்தபடி தனக்குத்தானே முணுமுணுத்தார்:

"உன் காதுக்குன்னு செய்யப்போய் உன் பொழப்புக்கே உலை வச்சேன். தப்பு என்னோடதுதான்."

நடந்த அத்தனை கூத்துக்கும் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

அக்கா திரும்பவில்லை. கை சுக்கானில், கண் தண்ணீரில்.

"கேட்டுச்சு," என்றாள்.

மாமா நிமிர்ந்தார். "என்ன கேட்டுச்சு?"

"எல்லாம் கேட்டுச்சு. வாளியை நேராப் புடிங்க, மெத்தை நனையப் போகுது."

மாமா வாளியை நேராகப் பிடித்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.